மார்க்கண்டரின் கலியாண எழுத்து

அத்தியாயம் 11

சனிக்கிழமை காலை மார்க்கண்டர் மாப்பிள்ளையாக வெளிக்கிட்டார். வயது அறுபத்தொன்று. பெண்ணின் பெயர் ஞானாம்பிகை, வயது ஐம்பத்திரண்டு. இருவருக்கும் மூன்று பிள்ளைகள், இரண்டு பேரப்பிள்ளைகள்.

ஊர் இதைப் பெரிதாக எடுக்கவில்லை. அந்த ஒரு மாதத்தில் சண்டிலிப்பாயில் கலியாணம் செய்யப் புறப்பட்ட பதினேழாவது கிழவர் அவர்.

எல்லாம் கோட்டில் வழக்குப் பேசும் பிறக்கிராசி சோமசேகரம் பார்த்த வேலை. எழுபதாம் ஆண்டு எலக்சனில் சுயேச்சையாக, மணிக்கூட்டுச் சின்னத்தில் நின்றவர். சந்திக் கூட்டத்தில் அவர் மேசைமேல் ஏறி நின்று, "பென்சன்காரன் சாகலாம், பென்சன் சாகக்கூடாது" என்று ஒலிபெருக்கியில் முழங்கியதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். பெரிய உத்தியோகக்காரன் மனைவி, சின்ன உத்தியோகக்காரன் மனைவி என்ற பேதம் இனி இல்லை. தபால்காரன், கந்தோர்ப் பியோன், றோட்டு வேலைக்காரன் எவனாக இருந்தாலும் அவனுக்குப் பிறகு அதே பென்சன் குறையாமல் மனைவிக்கு வரவேண்டும். பாராளுமன்றத்தில் வாய் திறக்கும் முதல் நாளே இதைக் கேட்பேன், வெறுங்கையோடு கேட்கமாட்டேன், பெயர்ப்பட்டியலோடு கேட்பேன் என்றார்.

பட்டியலில் பெயர் சேர ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். கலியாண எழுத்தின் பிரதி வேண்டும்.

அந்த இடத்தில்தான் ஊர் முழிசியது. தாலி கட்டியிருந்தார்கள், கூறை கொடுத்திருந்தார்கள், பந்தல் போட்டு ஊருக்கே சோறு போட்டிருந்தார்கள். பதிவுகாரரிடம் போய் எழுதியவர்கள்தான் குறைவு. எழுத்து என்பது காணி வழக்கு வரக்கூடிய பணக்காரருக்கு வேண்டியது என்று அந்த நாளில் எல்லாரும் நம்பியிருந்தார்கள்.

பிறகு கேட்கவேண்டுமா? பதிவுகாரர் கனகலிங்கத்தின் வாசல் படலையில் முதல் சோடிக்காகக் கட்டிய வாழையை அவிழ்க்க நேரம் கிடைக்கவில்லை. அது கட்டியபடியே நின்று, வேர் விட்டு, குலையும் தள்ளிவிட்டது. கதலி. பழம் சாப்பிட்டவர்கள் இருக்கிறார்கள். எண்பத்துமூன்று வயது ஆழ்வாப்பிள்ளை தன் பேரனையே மாப்பிள்ளைத் தோழனாக இருத்தி எழுதிவிட்டு, வெட்கத்தில் இரண்டு நாள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை.

இதற்கெல்லாம் சிரிக்காத ஒரே ஆள் ஞானாம்பிகை.

அவள் சிரிக்காததற்குக் காரணம் போன கிழமை மார்க்கண்டரின் வேட்டி மடிப்பிலிருந்து விழுந்த ஒரு கடதாசித் துண்டு. ஆஸ்பத்திரித் துண்டு. எழுத்தெல்லாம் இங்கிலிசு. ஆனால் திகதி இலக்கத்தில் இருந்தது. 'நல்லூருக்குக் கும்பிடப் போறன்' என்று சொல்லிவிட்டு மார்க்கண்டர் பஸ் ஏறிய அதே நாள்.

அன்று தொடக்கம் மனிதர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டுதான் நடந்தார். இடப்பக்கம். குனியும்போது இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

முப்பத்திரண்டு வருடம் எழுத்தைப் பற்றி ஒரு நாளும் நினைக்காத மனிதன், இப்போது ஏன் ஓடித்திரிகிறான்? போகப்போகிறவன்தானே பின்னால் இருக்கப்போகிறவளைப் பற்றி யோசிப்பான்? ஞானாம்பிகை அந்தத் துண்டை, எங்கு போனாலும் இடுப்பில் செருகியிருக்கும் தன் கொட்டப்பெட்டியில் வெற்றிலைக்கு அடியில் ஒளித்து வைத்தாள். இங்கிலிசு வாசிக்கத் தெரிந்த மகள் வீட்டிலேயே இருந்தாள். ஆனாலும் காட்டவில்லை. வாசித்தால் அது உண்மையாகிவிடும் என்று பயந்தாள்.

"இஞ்சாரும், இன்னும் வெளிக்கிடேல்லையோ? பதிவுகாரர் ஒன்பது மணி எண்டவர்," என்று முற்றத்தில் நின்று மார்க்கண்டர் குரல் கொடுத்தார்.

"அடுப்பிலை சோறு கிடக்கு."

"கலியாண நாளிலையும் சமையலோ?"

"அப்ப மாப்பிள்ளை மத்தியானம் பட்டினி கிடப்பாரோ?"

மகள் குணலட்சுமி தகப்பனின் சால்வையை மடித்துக் கொடுத்தாள். இருபத்துநாலு வயது, கடைக்குட்டி, ஊர்த் தையல் வகுப்பில் படிப்பிக்கிறவள். அவளுக்கும் ஒரு சம்பந்தம் வந்திருந்தது. நல்லூர்ப் பக்கம், ஓவசியர் மாப்பிள்ளை. பத்து நாளைக்கு முன் தரகர் கொண்டுவந்த படத்தை மார்க்கண்டர் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து, "நல்ல பொடியன்" என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டார். வருகிற வெள்ளிக்கிழமை அவர்கள் பெண் பார்க்க வருகிறார்கள். குணலட்சுமியிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் ஒன்றும் சொல்லவில்லை. படம் மட்டும் அவளுடைய தையல் பெட்டியில் இருந்தது.

மூவரும் நடந்தே போனார்கள். மார்க்கண்டர் முன்னால், நெஞ்சில் கை.

சந்திக்கு வந்ததும் அவர் நின்றார். முகம் மலர்ந்தது.

"என்ன பொன்னம்பலம் அண்ணை, வெயிலுக்கை நிக்கிறியள்?" என்று சொல்லித் தலையை ஆட்டிவிட்டு மேலே நடந்தார்.

அவர் கதைத்த இடத்தில் வெள்ளையடித்த சீமெந்துத் தூண் ஒன்று நின்றது. வேறு ஒருவரும் இல்லை. பொன்னம்பலத்தார் செத்து இரண்டு வருடம்.

ஞானாம்பிகை தூணைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். போகிற நேரம் நெருங்கினால் முன்னே போனவர்கள் வந்து நிற்பார்கள் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். இவ்வளவு வெயிலில், இவ்வளவு மரியாதையாக வந்து நிற்பார்கள் என்று கேள்விப்படவில்லை.

"அம்மா, என்னணை முகம் வெளிறிப்போச்சு?"

"ஒண்டுமில்லை. நட."

பதிவுகாரர் வீட்டு விறாந்தையில் போட்டிருந்த நீள வாங்கில் ஏற்கெனவே மூன்று மாப்பிள்ளைமார் இருந்தார்கள். மூவருக்கும் சேர்த்துப் பல்லை எண்ணினால் இருபது தேறாது. அவர்களுடைய பெண்கள் எதிர் வாங்கில் இருந்து வெங்காய விலை கதைத்துக்கொண்டிருந்தார்கள். பிறக்கிராசி சோமசேகரம் கழுத்துப்பட்டியோடு, வேர்க்க வேர்க்க, சாட்சிக் கையெழுத்துப் போடுவதற்காகத் தன் சொந்தப் பேனையோடு நின்றார். அன்றைக்கு எல்லாக் கலியாணத்துக்கும் ஒரு சாட்சி அவர்தான். மற்றச் சாட்சி பதிவுகாரரின் மைத்துனர்.

ஒன்பது மணி முறை மார்க்கண்டருடையது. கனகலிங்கம் புத்தகத்தை விரித்தார். நேரம் இல்லாத மனிதர். ஞானாம்பிகையையும் மார்க்கண்டரையும் சின்ன வயதிலிருந்தே தெரிந்தவர், என்றாலும் சட்டப்படி ஒவ்வொன்றாகச் சொல்லி எழுதினார்.

"முந்தின நிலை, கலியாணமாகாதவர். அக்காவும் அப்பிடித்தான். கலியாணமாகாதவர்."

"அப்ப நான் ஆர்?" என்று குணலட்சுமி பின்னாலிருந்து கேட்டாள்.

"பிள்ளை, நீர் கொஞ்சம் அங்காலை தள்ளி இரும். புத்தகத்திலை உமக்கு இடமில்லை," என்று சொல்லிக்கொண்டே பதிவுகாரர் எழுதினார். "தொழில். இளைப்பாறிய தபால்காரர்."

ஞானாம்பிகையின் பெயருக்கு நேரே வந்ததும் அவர் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனார். அவள் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதிவுகாரர் தொண்டையைச் செருமி, சட்டத்தில் உள்ள வாசகத்தை ஒரே மூச்சில் வாசித்தார். வேறு ஒருவரையும் கலியாணம் முடிக்கக்கூடாது, முடித்தால் குற்றம், இருவரில் ஒருவர் இறக்குமட்டும் இந்தக் கட்டு அவிழாது என்று அது போயிற்று. வாங்கில் இருந்த மாப்பிள்ளைமார் பயபக்தியோடு கேட்டார்கள்.

"மார்க்கண்டண்ணை, இந்த ஞானாம்பிகையை மனைவியாய் ஏற்க உங்களுக்கு..."

"ஓம்."

"ஞானாம்பிகை அக்கா, இந்த மார்க்கண்டுவைப் புருசனாய் ஏற்க உங்களுக்குச் சம்மதமோ?"

ஞானாம்பிகை பேசவில்லை. சுவரில் இருந்த மணிக்கூடு பேசியது.

"அக்கா, உங்களைத்தான்."

"யோசிக்கவேணும்," என்றாள் ஞானாம்பிகை.

பதிவுகாரரின் பேனையிலிருந்து ஒரு சொட்டு மை விழுந்தது. சோமசேகரம் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். பெண்கள் வாங்கில் வெங்காய விலை நின்றுபோயிற்று.

"யோசிக்கலாமோ?" என்று அங்கிருந்த சின்னாச்சி மெல்லக் கேட்டாள். "எங்களுக்கு ஒருத்தரும் அதைச் சொல்லேல்லையே."

ஞானாம்பிகை எழுந்து முற்றத்துக்குப் போனாள். குணலட்சுமி பின்னாலே ஓடினாள்.

"அம்மா, என்ன விசர் வேலையணை இது? ஐயாவின்ரை முகத்தைப் பாத்தனீங்களே?"

"பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். ஒரு கிழமையாய் அந்த முகத்தைத்தான் பாக்கிறன்." அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். "அவர் போனாப்பிறகு வரப்போற காசுக்கு, அவர் உயிரோடை இருக்கேக்கையே நான் கையெழுத்து வைக்கிறதோ? வைச்சால் நான் அவரை அனுப்பி வைக்கிற மாதிரியல்லோ கிடக்கு?"

"ஆர் போகினம்? எங்கை போகினம்?"

"ஐயாவுக்கு நெஞ்சிலை வருத்தம். ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார், எங்களுக்குச் சொல்லேல்லை. துண்டு என்னட்டை இருக்கு. இண்டைக்குச் சந்தியிலை செத்த மனிசனோடை கதைச்சதை நீயும் கேட்டனிதானே?"

குணலட்சுமி கையை நீட்டினாள். "அந்தத் துண்டைத் தாங்கோ."

"மாட்டன்."

உள்ளே பதிவுகாரருக்குப் பொறுமை முடிந்திருந்தது. இன்னும் மூன்று சோடி காத்திருந்தது. "அண்ணை, நீங்கள் உங்கடை கையெழுத்தை வையுங்கோ. அக்கா வந்தவுடனை மிச்சத்தைப் பாப்பம்," என்று பேனையைக் கொடுத்தார்.

மார்க்கண்டர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். மூக்கு கடதாசியைத் தொட்டது. இருபத்தொன்பது வருடம் உத்தியோகம் பார்த்த மனிதருக்கே உரிய சுழியோடு, நீட்டி, அழுத்தி, கையெழுத்தை வைத்தார்.

"மார்க்கண்டண்ணை," என்றார் பதிவுகாரர். முற்றம் வரை கேட்டது. "அது பொம்பிளை வைக்கிற இடம்."

"எது?"

"நீங்கள் வைச்ச இடம்."

"நான் எங்கை வைச்சனான்?"

முற்றத்தில் நின்ற ஞானாம்பிகை தலையை நிமிர்த்தினாள். விறுக்கென்று உள்ளே வந்து மேசைக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"இஞ்சாருங்கோ. என்ரை கையிலை எத்தினை விரல் காட்டுறன்?"

மார்க்கண்டர் கண்ணைச் சுருக்கினார். "மூண்டு."

"நான் கையே தூக்கேல்லை."

விறாந்தையில் யாரோ இருமினார்கள்.

"நெஞ்சிலை இருந்து கையை எடுங்கோ."

"அது இருக்கட்டும்."

"எடுங்கோ எண்டுறன்."

அவர் எடுத்தார். சட்டைப் பை புடைத்துக்கொண்டு நின்றது. ஞானாம்பிகை கையை விட்டு எடுத்தாள். தகரக் கூடு. உள்ளே, விலைச்சீட்டு நூல்கூட அறுக்காத ஒரு மூக்குக்கண்ணாடி.

"இதென்ன?"

"கண்ணாடி."

"அது எனக்குத் தெரியுது. எனக்குக் கண் நல்லாயிருக்கு. நெஞ்சிலை என்ன வருத்தம் உங்களுக்கு?"

"நெஞ்சிலை எனக்கென்ன வருத்தம்? குனியேக்கை கூடு விழுந்திடுமெண்டு பிடிச்சுக்கொண்டு திரியிறன்."

"அப்ப ஆஸ்பத்திரித் துண்டு?"

"கண் டொக்டர் தந்தது. கண்ணாடி போடச்சொல்லி." மார்க்கண்டர் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஆறு மாசமாய் ஒண்டும் வடிவாய்த் தெரியேல்லை."

குணலட்சுமி தாயின் கொட்டப்பெட்டியைத் திறந்து துண்டை எடுத்து வாசித்தாள். "கண்தான் அம்மா. ரண்டு கண்ணும். வேறை ஒண்டுமில்லை."

"பொன்னம்பலத்தாரோடை கதைச்சனீங்களே?" ஞானாம்பிகை விடவில்லை.

"ஓம், அதுக்கென்ன?"

"அது தூண்."

மார்க்கண்டர் கொஞ்சம் யோசித்தார். "நெட்டையாய், வெள்ளையாய், பேசாமல் நிண்டால் ஆரெண்டு நினைக்கிறது? அந்தாள் செத்தது எனக்கு அந்த நேரம் ஞாபகம் வரேல்லை."

"கண்ணாடியை ஏன் ஒளிச்சனீங்கள்?"

அவர் விறாந்தையைப் பார்த்தார். அங்கே பாதி ஊர் இருந்தது. குரலைத் தாழ்த்தினார். "தபால்காரன் கண்ணாடியோடை திரிஞ்சால் சனம் என்ன நினைக்கும்? அந்த நாளிலை தந்த கடுதாசியெல்லாம் சரியான ஆளுக்குத்தான் வந்ததோ எண்டு ஒவ்வொருத்தரும் யோசிக்கத் தொடங்கிவிடுவினம்."

பதிவுகாரர் உடனே யோசிக்கத் தொடங்கினார். "அறுபத்திரண்டிலை எனக்குக் கண்டியிலை இருந்து ஒரு கடுதாசி வரவேண்டியிருந்தது."

"அப்ப எனக்குக் கண் நல்லாய்த் தெரிஞ்சது, தம்பி."

ஞானாம்பிகை மாப்பிள்ளைமாரின் வாங்கிலேயே இருந்துவிட்டாள். முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று மார்க்கண்டர் கிட்டப் போனார். முந்தானை விலகியபோது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணீரும் வந்தது, அதை அவள் பொருட்படுத்தவில்லை. ஒரு கிழமையாக நெஞ்சில் வைத்திருந்த உரலை யாரோ தூக்கி முற்றத்தில் வைத்ததுபோல் இருந்தது அவளுக்கு.

"போடுங்கோ உந்தக் கண்ணாடியை," என்றாள்.

மார்க்கண்டர் கண்ணாடியைப் போட்டார். விலைச்சீட்டு காதோரம் ஆடியது. மனைவியை மேலும் கீழும் பார்த்தார்.

"உமக்கு எப்ப இவ்வளவு நரைச்சது?"

"நீங்கள் பாக்கேக்கை சொல்லுவம் எண்டு இருந்தனான்."

"நான் ஏன் இதுக்கு அலையிறன் எண்டு நினைச்சீர்?" என்றார் அவர் மெல்ல. "நான் இப்ப சாகேல்லை. ஆனால் ஒரு நாளைக்குச் சாகத்தானே வேணும். அதுக்குப் பிறகு நீர் பிள்ளையளின்ரை கையைப் பாக்கக்கூடாது. அவ்வளவுதான்."

ஞானாம்பிகை முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து மேசைக்கு வந்தாள். பயம் போன பெண் இப்போது வேறு ஆள்.

"பதிவுகாரத் தம்பி, என்ரை பேருக்கு நேரை உதென்ன கோடு?"

"தொழில் இல்லை எண்டு, அக்கா. வழமையாய்ப் போடுறதுதான்."

"தொழில் இல்லையோ? சரி." அவள் சோமசேகரத்தின் பக்கம் திரும்பினாள். "பிறக்கிராசித் தம்பி, என்ரை பென்சன் எப்ப தொடங்கும் எண்டு சொன்னனீங்கள்?"

"ஐயாவுக்குப் பிறகு, அம்மா. நான் வெண்டு போனவுடனை முதல் வேலையே..."

"அது வரேக்கை வரட்டும். எனக்கு அவர் இருக்கேக்கையே ஒண்டு தொடங்கவேணும். தபாற்கந்தோர் இவரை விட்டு ஆறு வருசம். இண்டைக்கும் விடிய நாலரைக்கு எழும்பித் தேத்தண்ணி கேக்கிறார். குடிச்சுப்போட்டுப் படலையிலை போய் நிக்கிறார். இவர் இளைப்பாறிப்போட்டார். நான் எப்ப இளைப்பாறுறது?"

வேட்பாளர் வாயைத் திறந்தார். இந்தக் கேள்விக்கு அவருடைய துண்டுப்பிரசுரத்தில் பதில் இருக்கவில்லை.

"அதுக்குச் சட்டம் ஒண்டும்..."

"சட்டம் வேண்டாம் தம்பி. தேத்தண்ணி. நாளையிலை இருந்து அவர் போட்டு எனக்குத் தரவேணும்."

எதிர் வாங்கில் சின்னாச்சி தன்னுடைய மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார்.

"எனக்குத் தேத்தண்ணி போடத் தெரியாதே," என்றார் மார்க்கண்டர்.

"முப்பத்திரண்டு வருசம் குடிச்சனீங்கள்."

மார்க்கண்டர் நீண்ட நேரம் யோசித்தார். வாழ்க்கையில் இவ்வளவு பெரிய பொறுப்பு அவரிடம் வந்ததில்லை. கடைசியில் கேட்டார்: "சீனி எங்கை இருக்கு?"

"கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடுங்கோ."

"சரி. போட்டுத் தாறன்."

ஞானாம்பிகை பதிவுகாரரைப் பார்த்தாள். "இப்ப கேளுங்கோ."

கனகலிங்கம் பழுதான பக்கத்தை வெட்டிவிட்டுப் புதுப்பக்கம் எடுத்தார். எல்லாவற்றையும் திரும்ப எழுதினார். ஞானாம்பிகையின் தொழிலுக்கு வந்ததும் பேனை நின்றது. கோடு போடக் கை எழவில்லை. கடைசியில் 'நாளை முதல் இளைப்பாறுகிறார்' என்று எழுதினார். சந்தேகம் உள்ளவர்கள் போய்ப் புத்தகத்தைப் பார்க்கலாம்.

"இந்த மார்க்கண்டுவைப் புருசனாய் ஏற்க உங்களுக்குச் சம்மதமோ, அக்கா?"

"ஓம்," என்றாள் ஞானாம்பிகை. "சம்மதம்."

அதை யாரும் அவளிடம் கேட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. சொல்லிப் பார்த்ததும் அந்தச் சொல் அவளுக்குப் பிடித்திருந்தது போலத்தான் தெரிந்தது.

மார்க்கண்டர் தன் இடத்தில் கையெழுத்து வைத்தார். அவள் தன் இடத்தில் வைத்தாள். சாட்சிக்குச் சோமசேகரம் குனிந்தபோது, "தம்பிக்கு எங்கை கலியாணம்?" என்று கேட்டாள்.

"எனக்கு இன்னும் ஆகேல்லை, அம்மா."

"அப்ப உங்கடை பென்சனை ஆர் எடுக்கிறது?"

எலக்சனுக்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது. வேட்பாளர் அன்று முழுவதும் யாருக்கும் கை காட்டவில்லை என்று அவருடைய மொறிஸ் மைனர் காரை ஓட்டியவன் பிறகு சொன்னான்.

திரும்பி வரும்போது ஞானாம்பிகையின் கையில் பதிவுகாரர் வெட்டிக் கொடுத்த ஒரு சீப்புக் கதலி இருந்தது. மார்க்கண்டர் கண்ணாடியோடு நடந்தார். சந்தியில் நின்று தூணை நன்றாகப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தாண்டினார். வழியில் தெரிந்ததையெல்லாம் வாசித்தார். பஸ் இலக்கம், கடைப் பலகை, சோமசேகரத்தின் சுவரொட்டி. "இந்தாள் எவ்வளவு இளம் ஆள். நான் நரைச்ச மனிசன் எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தன்."

வீட்டுக்கு வந்து சோறு தின்று முடிந்தது. மார்க்கண்டர் கண்ணாடியைக் கழற்றவில்லை. குணலட்சுமி தையல் பெட்டியைத் திறந்து, படத்தை எடுத்துவந்து தகப்பனின் கையில் கொடுத்தாள்.

"ஐயா, இப்ப ஒருக்காப் பாருங்கோ."

அவர் பார்த்தார். யன்னலடிக்குப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்தார்.

"பிள்ளை, உதிலை ரண்டு பேரல்லோ நிக்கினம்?"

"ஓம் ஐயா."

"ஒருத்தன் நெட்டை. மற்றவன் மீசையோடை, கட்டை."

"ஓம்."

"உதிலை ஆர் மாப்பிள்ளை?"

ஞானாம்பிகை வாழைப்பழத்தை உரித்தபடியே நின்றுவிட்டாள். "நீங்கள்தானே நல்ல பொடியன் எண்டனீங்கள்? நான் நெட்டையன் எண்டு நினைச்சு ஓம் எண்டு சொல்லியனுப்பினன்."

"நான் ஒருத்தன்தான் எண்டு நினைச்சன்," என்றார் மார்க்கண்டர். "கொஞ்சம் அகலமான பொடியன் எண்டு."

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஆறு நாள். தரகர் கொழும்புக்குப் போய்விட்டார்.

"பத்து நாளாய் உன்ரை பெட்டியிலை கிடக்கு. ஏன் பிள்ளை நீ கேக்கேல்லை?"

"என்னை ஆரும் கேக்கேல்லையே, ஐயா."

மார்க்கண்டர் மனைவியைப் பார்த்தார். மனைவி மகளைப் பார்த்தாள். காலையில் பதிவுகாரர் மேசைக்கு முன்னால் நின்ற நிமிடம் அவளுக்கு ஞாபகம் வந்திருக்கவேண்டும். பழத்தைக் கீழே வைத்தாள்.

"இப்ப நான் கேக்கிறன். உனக்கு எப்பிடி?"

குணலட்சுமி கையை நீட்டிப் படத்தை வாங்கிக்கொண்டாள்.

"யோசிக்கவேணும்," என்றாள்.

ஆனால் படத்தை அவள் பெட்டியில் திருப்பி வைக்கவில்லை. இருவரில் ஒருவனின் முகத்தை விரலால் மறைத்து, மற்றவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.